சென்னையில் ஒரு பல்கலைக்கழக ஆர்கெஸ்ட்ராவுக்கு சீசன் போடுவது எப்படி

சீசன் போட, அதாவது வருடத்துக்கான கச்சேரிகளைத் திட்டமிட, உட்கார்ந்ததுமே பீத்தோவனா மொஸார்ட்டா என்று விவாதம் ஆரம்பித்துவிடும். அந்த விவாதத்தைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில் கையில் யார் யார் இருக்கிறார்கள், எந்த மாதத்தில் இருப்பார்கள் என்று எழுதுங்கள். இசை அதற்கப்புறம் தானாகவே தெரியும்.

எங்கள் பல்கலைக்கழக சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் நான் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய, கனத்த குரலுள்ள தந்தி வாத்தியம்) வாசிக்கிறேன். நோட்ஸ் (இசைத் தாள்) கட்டுகள், ஒத்திகை அட்டவணை, செய்தி மடல் மூன்றையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். இந்த வருடம் பொறுப்பு கை மாறுகிறது. ஏற்கப்போகும் தம்பி தங்கைகளுக்காகவும், வேறு கல்லூரிகளில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

காலண்டரை விரித்து வையுங்கள். நவம்பரில் செமஸ்டர் தேர்வு, கூடவே மழை. அடைமழையில் செல்லோவைத் தூக்கிக்கொண்டு யாரும் வேளச்சேரியிலிருந்து வர முடியாது. டிசம்பரில் நம் ஆட்களில் பாதிப் பேர் சர்ச் கொயரிலும் கேரல் குழுவிலும் இருப்பார்கள். மீதிப் பேர் மார்கழிக் கச்சேரிகளுக்கு வாசிக்கவோ கேட்கவோ போய்விடுவார்கள். நல்ல அரங்கு எதுவும் அப்போது கிடைக்காது. ஜனவரியில் பொங்கல் விடுமுறை. ஏப்ரலில் மறுபடி தேர்வு, மே மாதத்தில் ஹாஸ்டலே காலி. ஆகவே சென்னையில் ஒரு மாணவர் ஆர்கெஸ்ட்ராவுக்கு உண்மையில் இரண்டே ஜன்னல்கள்தான் திறந்திருக்கின்றன: ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஒன்று, பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை இன்னொன்று. இரண்டு கச்சேரி போதும். மூன்றாவதை நுழைத்தால் மூன்றுமே அரைவேக்காடாகும்.

தேதி குறித்ததும் அங்கிருந்து பின்னோக்கி எண்ணி ஒத்திகை நாட்களைக் குறியுங்கள். குறைந்தது எட்டு ஒத்திகை வேண்டும், அவற்றில் கடைசி இரண்டில் ஒருவர்கூட விடுபடக் கூடாது. ஞாயிறு காலை ஆராதனை நேரத்தை விட்டுவிடுங்கள். சேப்பாக்கம் வளாகத்தில் ஒத்திகை என்றால் கிரிக்கெட் அட்டவணையையும் பாருங்கள். மேட்ச் நாளில் வாலாஜா சாலையைக் கடந்து டபுள் பாஸ் கொண்டுவருவது நடக்கிற காரியமில்லை.

அடுத்தது ஆட்கள் கணக்கு. தந்தி வாத்தியப் பிரிவு நன்றாக ஒலிக்க முதல் வயலின் எட்டு, இரண்டாம் வயலின் ஆறு, வயோலா நான்கு, செல்லோ நான்கு, டபுள் பாஸ் இரண்டு இருந்தால் நிறைவு. நமக்கு ஆறு, ஐந்து, இரண்டு, மூன்று, ஒன்று என்று கிடைத்தாலே சந்தோஷப்படலாம். இந்த ஊரில் வயலினுக்குப் பஞ்சமில்லை. லண்டன் ட்ரினிடி காலேஜின் கிரேடு தேர்வு எழுதிய பிள்ளைகள், சர்ச்சில் வாசிப்பவர்கள், கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் என்று வந்துகொண்டே இருப்பார்கள். வயோலாவுக்கு ஆள் தானாக வராது. இரண்டாம் வயலினில் நிதானமாகவும் காது கூர்மையாகவும் இருக்கிற ஒருவரிடம் செமஸ்டர் விடுமுறைக்கு முன்பே பேசி, ஒரு வயோலாவையும் ஆல்டோ கிளெஃப் (வயோலாவுக்கு நோட்ஸ் எழுதும் முறை) பயிற்சித் தாள்களையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். விடுமுறை முடிந்து வரும்போது வயோலா வாசிப்பவராக வருவார்.

ஓபோவும் பசூனும்தான் மிகக் கடினம். இரட்டைச் சீவாளி வாத்தியம் வாசிப்பவர்கள் இங்கே மிகக் குறைவு, சீவாளியும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஆள் இல்லாவிட்டால் ஓபோ வரிகளை ஃப்ளூட்டுக்கோ கிளாரினெட்டுக்கோ எழுதுங்கள். பி-ஃப்ளாட் கிளாரினெட் என்றால் எல்லா ஸ்வரத்தையும் ஒரு முழு ஸ்வர இடைவெளி மேலே தள்ளி எழுத வேண்டும். பசூன் வரியை ஒரு செல்லோ எடுத்துக்கொள்ளலாம். ஹார்ன், ட்ரம்பெட், டிராம்போன் ஆட்களை சர்ச் பிராஸ் குழுக்களிலும், போலீஸ் பேண்டில் ஓய்வு பெற்ற பெரியவர்களிடமும் தேடுங்கள். நேரில் போய் வணக்கம் சொல்லி, "ஐயா, பசங்களுக்கு நீங்க பக்கத்துல உக்காந்து வாசிச்சா தைரியமா இருக்கும்" என்று கேளுங்கள். ஃபோனில் கேட்டால் வர மாட்டார்கள். நேரில் கேட்டுவிட்டால் தங்கள் ட்ரம்பெட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு நமக்கு முன்னே வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

கர்நாடக வயலின் வாசிக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஆர்கெஸ்ட்ராவின் பெரிய பலம் அவர்கள்தான். வயலின் இந்தச் சங்கீதத்துக்குள் வந்ததே சென்னையை ஒட்டித்தான். முத்துஸ்வாமி தீட்சிதரின் குடும்பம் மணலியில் இருந்தபோது, தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் மேற்கத்திய வயலின் கற்றார். தீட்சிதரும் கோட்டை பேண்டுகள் வாசித்த ஐரோப்பிய மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்யம் எழுதினார். நாம் குழந்தையில் பாடிய நோட்டுஸ்வரங்கள் அவைதான். அதனால் புதிதாக வரும் கர்நாடக வயலின் பிள்ளையை விருந்தாளி போல ஓரமாக உட்காரவைக்காதீர்கள்.

ஆனால் சில விஷயங்களை முதல் நாளே உதவிக்கு உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். அவர்கள் வயலின் ச-ப-ச-ப என்று சேர்க்கப்பட்டிருக்கும். நமக்கு ஜி, டி, ஏ, இ. ஒரே வயலினை வாரம்தோறும் இப்படியும் அப்படியுமாக இழுத்துச் சேர்த்தால் தந்தி அறும், பிரிட்ஜ் சாயும். இரண்டாவதாக ஒரு சாதாரண வயலின் கொடுங்கள். தரையில் அமர்ந்து காலில் தலைப்பகுதியை ஊன்றி வாசித்தவருக்கு நாற்காலியில் வாசிக்கும்போது வாத்தியத்தின் முழு எடையும் தாடைக்கும் தோளுக்கும் வரும். ஷோல்டர் ரெஸ்ட் அளவு சரியாக அமையும்வரை நான்கைந்து வகை மாற்றிப் பாருங்கள். கமகம் இல்லாமல் நேர் ஸ்வரமாக நிற்பது முதலில் அவர்களுக்கு வெறுமையாகத் தோன்றும். பக்கத்தில் இருக்கும் பதினொரு பேரும் அதே ஸ்வரத்தில் நிற்கும்போது எழும் ஒலியை ஒருமுறை காதில் வாங்கிவிட்டால் அந்த வெறுமை போய்விடும். வில்லைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: எல்லோர் வில்லும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் போக வேண்டும்.

அவர்களுக்கு எண்ணிக்கை பிரமாதமாக வரும். எண்ணிக்கொண்டு சும்மா இருப்பதுதான் பழக்கமில்லை. கர்நாடகக் கச்சேரியில் வயலின் நாற்பது ஆவர்த்தனம் மௌனமாக இருப்பதில்லை. இங்கே அது அன்றாடம் நடக்கும். செக் இசையமைப்பாளர் டுவோர்ஷாக்கின் 9ஆம் சிம்பொனியில் சிம்பல் அடிப்பது முழுப் படைப்பிலும் ஒரே ஒரு தடவைதான், அதுவும் கடைசிப் பகுதியில், மெல்ல. டியூபா இரண்டாம் பகுதியில் மட்டும் வரும். அந்த ஒரு சிம்பல் அடிக்காக முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பையனை ஒத்திகையில் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். அவன் ஒழுங்காக எண்ணியதை எல்லோரும் கேட்க வேண்டும்.

இப்போது இசையைத் தேர்ந்தெடுக்கலாம்

ஆட்கள் பட்டியல் முன்னால் இருந்தால் தேர்வு சுலபம். காற்று வாத்தியம் குறைவாக இருக்கிற வருடத்தில் மொஸார்ட்டின் 29ஆம் சிம்பொனி எடுங்கள். இரண்டு ஓபோ, இரண்டு ஹார்ன், தந்திகள், அவ்வளவுதான். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் ஷூபர்ட்டின் 5ஆம் சிம்பொனி. அதில் ட்ரம்பெட்டும் டிம்பனியும் (அண்டா போன்ற பெரிய முரசுகள்) கிடையாது. முன்னதை மொஸார்ட் 1774இல் 18 வயதில் எழுதினார், பின்னதை ஷூபர்ட் 1816இல் 19 வயதில் எழுதினார். நம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் வயது. இதை ஒத்திகையில் சொல்லுங்கள், அறையே நிமிர்ந்து உட்காரும்.

டிராம்போன் மூன்றும் கிடைத்துவிட்ட வருடத்தில் ஷூபர்ட்டின் 'முடிவுறாத' சிம்பொனியை வாசிக்கலாம். டுவோர்ஷாக் 9 வேண்டுமென்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். நான்கு ஹார்ன், ஒரு கோர் ஆங்லே (ஓபோவைவிடத் தாழ்ந்த குரலுள்ள அதன் உறவு வாத்தியம்), மூன்று டிராம்போன், டியூபா எல்லாம் உறுதியாகும்வரை சம்மதிக்காதீர்கள். இரண்டாம் பகுதியின் அந்த கோர் ஆங்லே மெட்டைக் கேட்கத்தான் ஜனம் வரும். அதை கிளாரினெட்டில் சமாளிப்பது கேட்பவருக்கும் நியாயமில்லை, வாசிப்பவருக்கும் நியாயமில்லை.

உரிமை விஷயம் சுருக்கமாக. இந்தியாவில் படைப்பாளி இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. 1957இல் மறைந்த சிபேலியஸை இப்போது தாராளமாக வாசிக்கலாம். 1975இல் மறைந்த ஷோஸ்டகோவிச்சுக்கு 2035 முடிய வேண்டும். சினிமா மெட்டை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதி வாசிப்பதென்றால் எழுத்து மூலமான அனுமதி கையில் இருக்க வேண்டும். "காலேஜ் ப்ரோகிராம்தானே" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மெட்டுக்காரரின் உழைப்பை மதிக்காமல் நாம் இசை மாணவர்கள் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

பழைய படைப்புகளின் நோட்ஸ் ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பதிவிறக்கும்போது எல்லா வாத்தியத்துக்கும் ஒரே பதிப்புதானா என்று பாருங்கள். ஒத்திகை எழுத்துக் குறிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். கண்டக்டர் "சி-யிலிருந்து" என்று சொல்லும்போது செல்லோ ஓரிடத்திலும் வயலின் வேறிடத்திலும் தொடங்கும். ஏ4 தாளில் அச்சிட்டால் இரண்டு பேர் ஒரே ஸ்டாண்டில் படிக்கவே முடியாது. ஏ3 தாளில் எடுத்து நடுவில் மடித்துத் தையுங்கள். திருவல்லிக்கேணி ஜெராக்ஸ் கடைகளில் நின்றபடியே செய்துகொடுப்பார்கள். வில் குறிகளை முதல் வயலின் தலைவர் பென்சிலில் போட்டு, மற்ற எல்லாத் தாளுக்கும் பிரதி எடுத்த பிறகுதான் விநியோகம். பேனா யாரும் தொடக் கூடாது. ஒவ்வொரு உறையிலும் ஒரு 2பி பென்சில், ஒரு ரப்பர், இரண்டு துணி கிளிப் போட்டுக் கொடுங்கள். மின்விசிறி ஓடும் அறையில் துணி கிளிப் இல்லாமல் ஒரு பக்கம்கூட நிற்காது.

நிகழ்ச்சி வரிசையில் முதல் உருப்படி எட்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். போக்குவரத்தில் மாட்டி வருபவர்களை அது முடிந்ததும் உள்ளே விடலாம். அந்த இடத்துக்கு நோட்டுஸ்வரங்களைத்தான் நான் எப்போதும் சிபாரிசு செய்வேன். 'சக்தி ஸஹித கணபதிம்' தந்திகளில் தொடங்கியதும் குழந்தைகள் கூடவே பாட ஆரம்பித்துவிடும். 'ஸந்ததம் பாஹிமாம்' வரும்போது அது ஆங்கிலேய ராஜ வாழ்த்தின் மெட்டு என்று பெரியவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது கேட்கும். பிறகு தனி வாத்தியத்தோடு ஒரு கான்செர்ட்டோ பகுதி, பதினைந்து நிமிட இடைவேளை, சிம்பொனி. மொத்த இசை எழுபத்தைந்து நிமிடம் இருந்தால் நிறைவாக வீடு திரும்புவார்கள்.

கேட்பவர் கையில் கொடுக்கும் தாள்

இதில் நேரம் செலவிடுங்கள். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா இளையராஜாவின் சிம்பொனியை அரங்கேற்றிய பிறகு, சிம்பொனி என்றால் என்ன என்று கேட்டு வரும் புதியவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அவருக்குப் புரியும்படி எழுதுங்கள். இசையமைப்பாளர் எந்த ஊரில் எந்த இளவரசரிடம் வேலை பார்த்தார் என்பது ஒரு வரி போதும். காதில் எதைப் பிடிக்க வேண்டும் என்பதை எழுதுங்கள்.

'முடிவுறாத' சிம்பொனிக்கு நாங்கள் கொடுத்த குறிப்பு இது: "முதலில் செல்லோவும் டபுள் பாஸும் மட்டும் மிக மெல்லிதாக எட்டு பார் (தாளக் கட்டம்) வாசிக்கும். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பிறகு வயலின்கள் முணுமுணுக்க, ஓபோவும் கிளாரினெட்டும் சேர்ந்து ஒரு மெட்டு பாடும். கொஞ்ச நேரத்தில் செல்லோக்கள் ஒரு பாட்டை எடுக்கும். அதன் கீழே வயோலாவும் கிளாரினெட்டும் தாளத்தின் இடுக்கில் விழுவதைக் கவனியுங்கள். அந்தப் பாட்டு பாதி வாக்கியத்தில் நின்றுபோகும். ஒரு பார் முழு மௌனம். அப்புறம் ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் வந்து விழும். ஷூபர்ட் இதை 1822இல் எழுதினார், 1828இல் இறந்தார். தாள்கள் நண்பர் ஒருவரிடம் கிடந்து, 1865இல்தான் வியன்னாவில் முதன்முதலாக வாசிக்கப்பட்டன."

கர்நாடக சங்கீத ரசிகர்களுக்கு இன்னும் ஒரு பத்தி வேண்டும். மேஜர் ஸ்கேல் என்பது சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் என்றால் உடனே தலையாட்டுவார்கள். அங்கேயே நிறுத்திவிட்டால் அவர்கள் ராகத்தைத் தேடிக்கொண்டே இருப்பார்கள், கிடைக்காது. சிம்பொனியில் ஆதார சட்ஜமமே இடம் மாறும் என்று சொல்லுங்கள். ஷூபர்ட்டின் அந்த முதல் மெட்டுக்கு பி சட்ஜமம், செல்லோ பாட்டுக்கு ஜி சட்ஜமம். தம்புரா ஒன்று பின்னால் ஒலித்தால் இது நடக்கவே முடியாது. சட்ஜமம் வீட்டைவிட்டு எப்போது கிளம்புகிறது, எப்போது திரும்புகிறது என்று பின்தொடரத் தொடங்கினால், நாற்பது வருடம் சபாவில் உட்கார்ந்த காது அதைப் பிரமாதமாகப் பிடித்துக்கொள்ளும். இடைவேளையில் வந்து நம் பிள்ளைகளுக்கே விளக்குவார்கள்.

கைதட்டலைப் பற்றி அன்பாக எழுதுங்கள். "இந்தப் படைப்பில் நான்கு பகுதிகள். கண்டக்டர் கையை இறக்கி நம் பக்கம் திரும்பும்போது கைதட்டலாம்" என்று போட்டால் போதும். நடுவில் யாராவது தட்டிவிட்டால் முறைக்கக் கூடாது என்று வாசிப்பவர்களிடமும் சொல்லிவையுங்கள். 1813இல் பீத்தோவனின் 7ஆம் சிம்பொனி வியன்னாவில் முதலில் வாசிக்கப்பட்டபோது, இரண்டாம் பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். சாய்கோவ்ஸ்கியின் 6ஆம் சிம்பொனியில் மூன்றாம் பகுதி முடியும் வேகத்துக்கு எந்த ஊரிலும் கை தானாகத் தட்டும்.

அரங்கு நாள்

எழும்பூர் அருங்காட்சியக வளாகத்திலுள்ள மியூசியம் தியேட்டர் கிடைத்தால் விடாதீர்கள். ஹென்றி இர்வின் வடிவமைத்து 1896இல் கட்டிய அரங்கு, மைக் கண்டுபிடிப்பெல்லாம் புழக்கத்துக்கு வருவதற்கு முந்தையது. ஒலிபெருக்கிக்காரர் எல்லா ஸ்டாண்டுக்கும் மைக் வைக்கிறேன் என்பார். பேசுபவருக்கு மட்டும் ஒன்று போதும் என்று கனிவாகச் சொல்லிவிடுங்கள்.

நாற்காலி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வாடகைக் கடையில் வரும் பிளாஸ்டிக் நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கும். செல்லோவும் வயலினும் அதில் உட்கார்ந்து வாசிக்கவே முடியாது, வில்லை இழுக்கும் முழங்கை இடிக்கும். "கைப்பிடி இல்லாதது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வண்டி வந்ததும் இறக்குவதற்கு முன் எட்டிப் பாருங்கள். டிம்பனிக்குக் குட்டி யானை ஒன்று, கீழே விரிக்க இரண்டு பழைய மெத்தை. செல்லோவின் அடியிலுள்ள முள் மேடையில் வழுக்காமல் இருக்க ஒவ்வொருவருக்கும் ஒரு பெல்ட், நாற்காலிக் காலில் மாட்டிக்கொள்ளலாம்.

வெளியே புழுக்கம், உள்ளே ஏசி. புழுக்கத்தில் உப்பி இறுகியிருந்த பிரடைகள் (தந்தியை முறுக்கும் ஆணிகள்) ஏசியில் காய்ந்து வழுக்கும், சுருதி சரிந்துகொண்டே இருக்கும். கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பே ஏசியைப் போடச் சொல்லி, பெட்டிகளைத் திறந்து வாத்தியங்களை மேடையிலேயே வைத்துவிடுங்கள். ஓபோ இருந்தால் அதன் ஏ-தான் எல்லோருக்கும் சுருதி. இல்லாவிட்டால் 440 ஹெர்ட்ஸில் ட்யூனர் வைத்து முதல் வயலின் தலைவர் கொடுக்கட்டும். முதலில் காற்று வாத்தியங்கள், பிறகு தந்திகள். அவசரப்படுத்தாதீர்கள்.

கச்சேரிக்கு முந்தைய நாளின் முழு ஒத்திகையை ஊருக்குத் திறந்து விடுங்கள். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள், மெஸ் அண்ணன்கள், துப்புரவு வேலை பார்க்கும் அக்காக்கள், வாட்ச்மேன் ஐயா எல்லோரும் வரட்டும். ஒத்திகையின் சத்தத்தை மாதக்கணக்காகச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டவர்கள் அவர்கள். மேடைக்குக் கூப்பிட்டு டிம்பனியை ஒரு தடவை அடிக்கச் சொல்லுங்கள்.

செய்தி மடல்

சீசனுக்கு நான்கு மடல் போதும், ஒவ்வொன்றும் ஒரு தாள், தமிழில். வாட்ஸப்புக்கு அதையே மூன்று வரியில் சுருக்குங்கள். அச்சுத் தாளை ஹாஸ்டல் பலகை, டிபார்ட்மெண்ட் பலகை, சர்ச் அறிவிப்புப் பலகை, டீக்கடை நான்கிலும் ஒட்டுங்கள். கச்சேரி அறிவிப்பு ஒரு கால்பக்கம் இருக்கட்டும். மீதி முழுக்க ஆட்களைப் பற்றிய செய்தி. யார் புதிதாகச் சேர்ந்தார், யார் கிரேடு தேர்வில் தேறினார், யாருக்குத் திருமணம், வேலை கிடைத்து பெங்களூருக்குப் போன ஹார்ன் அண்ணன் எந்தக் குழுவில் வாசிக்கிறார், யார் வீட்டுப் பெரியவர் காலமானார்.

எழுதும் விதத்துக்கு ஒரு மாதிரி: "இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவி ஒருவர் வீணையிலிருந்து டபுள் பாஸுக்கு வந்திருக்கிறார். நான்கு தந்தியும் பழகிவிட்டன. பாஸ் வைக்க ஹாஸ்டல் அறையில் இடமில்லை, கல்லூரிக்கு அருகே தரைத்தள வீட்டில் ஒரு மூலை தருபவர்கள் சொல்லவும்." அந்தச் செய்தி வந்த அன்று சாயங்காலமே ஒரு தமிழாசிரியர் தன் வீட்டு முன்னறையைக் கொடுத்தார். நன்கொடை வேண்டுகோளை விட இப்படிப்பட்ட குறிப்பிட்ட தேவைகளுக்கு மக்கள் சீக்கிரம் கை கொடுக்கிறார்கள். பணம் கேட்பதையும் அப்படியே செய்யுங்கள்: ஒரு செட் செல்லோ தந்தி, ஒரு ஏ3 கட்டு அச்சு, ஒரு வண்டி வாடகை என்று பிரித்து.

பெயர்களை அச்சுக்கு முன் அவரவரிடமே காட்டி, இனிஷியல் வரை சரிபாருங்கள். பள்ளிப் பிள்ளைகளின் படம் போடுவதென்றால் வீட்டில் கேட்டுவிட்டு. வாசிப்பவர் பட்டியலில் கடைசி வரிசை வயோலாவும் அந்த ஒற்றை சிம்பலும் முதல் வயலினுக்கு இணையான எழுத்தளவில் வர வேண்டும். நாற்காலி அடுக்கியவர்கள், நோட்ஸ் தைத்தவர்கள் பெயரும் அதே பட்டியலில். தாளின் அடியில் அடுத்த ஒத்திகையின் கிழமை, நேரம், அறை எண். அதை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள்.